ஸ்கோரர் மேசைக் குறிப்புகள்: ஒரு ஜூன் மாதம்

21 மே 2024, செவ்வாய், அல்சூர், பெங்களூரு

மேசை இழுப்பறையில் மீந்து கிடந்த ஸ்கோர் ஷீட்டுகளை இன்று காலை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று இருந்தன. ஓய்வுபெற்ற பிறகு உள்ளூர்ப் போட்டிகளில் ஸ்கோரர் மேசைக்கு என்னை அழைப்பது குறைந்துவிட்டது. இந்தத் தாள்கள் மஞ்சள் பூப்பதற்குள் உருப்படியாகப் பயன்படட்டும் என்று, இன்று தொடங்கும் ஆண்கள் வாலிபால் நேஷன்ஸ் லீக்கின் ஆட்டங்களில் நாளுக்கு ஒன்றையாவது இணைய ஒளிபரப்பில் பார்த்துக் கையால் குறித்து வைப்பதென முடிவு செய்திருக்கிறேன்.

பக்கத்துத் தெருவிலிருக்கும் தங்கை மகள் இதற்கு உடந்தை. கல்லூரி அணியில் லிபரோவாக, அதாவது பின்வரிசையில் நின்று தடுத்தாடுவதற்கென்றே இருப்பவளாக, ஆடுகிறாள். ஆடும் காலம் முடிந்த பிறகும் வாலிபாலோடு ஒரு தொடர்பு இருக்க வேண்டுமென்று ஸ்கோரர் தேர்வு எழுத நினைக்கிறாள். ஸ்கோர் ஷீட் என்பது யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று எழுதும் தாள்தானே என்றுதான் அவளும் முதலில் எண்ணியிருந்தாள். ஒவ்வொரு செட்டுக்கு முன்பும் பயிற்சியாளர் தரும் வரிசைச் சீட்டிலிருந்து ஆறு ஆட்டக்காரர்களின் எண்களை ரோமன் எண் தலைப்புகளின் கீழ் நிரப்புவது, ஒவ்வொரு சர்வீஸ் சுற்றும் எந்தப் புள்ளியில் முடிந்தது என்று குறிப்பது, மாற்று ஆட்டக்காரர் எந்தப் புள்ளிநிலையில் உள்ளே வந்தார், எந்தப் புள்ளிநிலையில் வெளியேறினார் என்று பதிவது என எல்லாவற்றையும் விளக்கி முடிப்பதற்குள் அவளுடைய காபி ஆறிவிட்டது.

இந்த ஆண்டு 16 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் மூன்று வாரங்களில் 12 ஆட்டங்கள். முதல் வாரம் துருக்கியின் அந்தால்யாவிலும் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலும் நடக்கிறது. ரியோ நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்தங்கியது. அந்தால்யா இரண்டரை மணி நேரம்தான். என் வயதுக்கு அந்தால்யாதான் தோது.

4 ஜூன் 2024, செவ்வாய்

நாடு முழுவதும் வாக்கு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாளில் தொலைக்காட்சிக்கு என் வீட்டில் போட்டி இல்லாமல் இருக்காது. நான் கைக்கணினியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடி அறைக்குப் போய்விட்டேன். இரண்டாம் வாரம் ஃபுகுவோகாவிலும் ஒட்டாவாவிலும் தொடங்கியிருக்கிறது. மேலே ஒரு எண்ணிக்கை, கீழே ஒரு எண்ணிக்கை என்று வீடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

அணிகளின் பயணத்தை வரைபடத்தில் பென்சிலால் இணைத்துப் பார்த்தேன். ஜப்பான் அணி முதல் வாரம் ரியோவில் ஆடியது, இப்போது சொந்த மண்ணில் ஃபுகுவோகாவில் ஆடுகிறது, மூன்றாம் வாரம் மணிலாவுக்குப் போகிறது, இறுதிச் சுற்றுக்குத் தேறினால் போலந்தின் வூட்ச் நகரத்துக்குப் பறக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் இத்தனை கண்டங்கள். இந்தப் போட்டியை வெல்வது சிறந்த ஆறு பேரைக் கொண்ட அணியல்ல, சிறந்த பதினான்கு பேரைக் கொண்ட அணி என்று நான் பல காலமாகச் சொல்லி வருகிறேன். என் ஷீட்டுகளில் மாற்று ஆட்டக்காரர் கட்டங்கள் நிரம்பும் வேகத்தைப் பார்த்தால், அந்தக் கருத்தை இந்த ஆண்டும் மாற்றிக்கொள்ளத் தேவையிருக்காது என்று தோன்றுகிறது.

9 ஜூன் 2024, ஞாயிறு

மழை. மாலையில் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. அதனால் ஆட்டமும் இல்லை, பழைய நினைவுகள்தாம்.

இந்தப் போட்டிக்கு இப்போதைய பெயர் வந்தது 2018இல்தான். அதற்கு முன்பு, 1990 முதல் 2017 வரை, அதன் பெயர் வேர்ல்ட் லீக். முதல் மூன்று ஆண்டுகளும் இத்தாலிதான் வென்றது. மொத்தத்தில் இத்தாலி எட்டு முறையும் பிரேசில் ஒன்பது முறையும் பட்டம் பெற்றன. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய பத்தாண்டில் பிரேசிலைத் தவிர வேறொருவர் வென்றால் அதுவே செய்தி. கடைசி வேர்ல்ட் லீக்கின் இறுதி ஆட்டம் 2017இல் பிரேசிலின் குரிச்சிபாவில் ஒரு கால்பந்து மைதானத்துக்குள் களம் அமைத்து நடந்தது. சொந்த ரசிகர்கள் முன்னிலையில் பிரேசில் ஐந்து செட் ஆடிப் பிரான்ஸிடம் தோற்றது. பெயர் மாறிய பிறகு 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ரஷ்யா. 2020இல் பெருந்தொற்றால் போட்டியே இல்லை. 2021இல் எல்லா அணிகளையும் இத்தாலியின் ரிமினி நகரத்தில் அடைத்து வைத்து நடத்தி முடித்தார்கள், பிரேசில் வென்றது. 2022இல் பிரான்ஸ், 2023இல் போலந்து.

நான் முதன்முதலில் ஸ்கோரர் மேசையில் உட்கார்ந்த காலத்தில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. எதிரணி பந்தை வென்றால் சர்வீஸ் கைமாறும். பலகையில் ஒன்றும் மாறாது. ஐந்தாம் செட்டில் மட்டும்தான் பந்துக்குப் பந்து புள்ளி. ஒரு செட் அரை மணி நேரம் ஓடி, ஸ்கோர் 4–3இல் நிற்பதைப் பார்த்த கை இது. தொண்ணூறுகளின் இறுதியில் எல்லாப் பந்துக்கும் புள்ளி என்றும் செட் 25 வரை என்றும் விதி மாறியபோது, லிபரோ என்ற புதிய பதவியும் வந்தபோது, எங்கள் ஆலையின் அணியிலிருந்த மூத்தவர் ஒருவர் இனி இது வாலிபால் இல்லை, கணக்குப் பாடம் என்றார். தொலைக்காட்சிக்காகச் செய்த மாற்றம் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் கணக்கு எழுதுபவனுக்கு அது நன்மையே செய்தது: வீணான பந்து என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

சென்ற டிசம்பரில் கோரமங்களா உள்ளரங்கத்தில் உலக கிளப் சாம்பியன்ஷிப் நடந்தபோது தங்கை மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். இத்தாலியின் பெருஜா அணி இறுதியில் பிரேசிலின் மினாஸ் அணியை நேர் செட்களில் வென்றது. அவள் பந்தைப் பார்த்தாள். நான் பெருஜாவின் லிஃப்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) ஜன்னெல்லி, பந்து தன் கைக்கு வருமுன் எதிர்ப்பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வதைப் பார்த்தேன். இத்தாலிய தேசிய அணியின் கேப்டனும் அவர்தான். உலகத் தரம் என்பது நம் வீட்டிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் வந்து நின்ற அந்த வாரத்தை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

16 ஜூன் 2024, ஞாயிறு

இன்றைய குறிப்பை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

உள்ளூர்ப் போட்டி ஒன்றுக்கு ஸ்கோரர் வரவில்லையென்று காலையில் அழைத்தார்கள். இரண்டு அணிகளிலும் பாதிப்பேர் நம்மவர்கள். மேசைக்குப் பின்னால் தமிழும் கன்னடமும் கலந்த கூச்சல். மூன்றாம் செட்டில் ஓர் அணி பந்தை வென்று, 14ஆவது புள்ளியோடு சர்வீஸை மீட்டது. அப்போது ஆட்டக்காரர்கள் ஓர் இடம் சுழல வேண்டும், அவர்கள் சுழலவில்லை. வரிசைப்படி சர்வீஸ் போடவேண்டியவர் முன்வரிசையில் நிற்க, வேறொருவர் பந்தை எடுத்துப் போட்டார். தவறான ஆள் சர்வீஸ் அடித்த அந்தக் கணத்திலேயே மணியை அடித்து நடுவரை நிறுத்த வேண்டியவன் நான். எதிரணியின் மாற்று ஆட்டக்காரர் எண்ணைச் சரியான கட்டத்தில் எழுதுவதில் தலைகுனிந்திருந்தேன்; கண்ணாடியில் தூறல் வேறு. நிமிர்ந்து பார்த்தபோது அந்த அணி அதே ஆளின் சர்வீஸில் மூன்று புள்ளிகள் எடுத்து 17–15 என்று முன்னிலையில் இருந்தது.

விதி தெளிவானது. தவறு நேர்ந்த கணத்திலிருந்து தவறு செய்த அணி எடுத்த புள்ளிகள் எல்லாம் ரத்து. எதிரணியின் புள்ளிகள் அப்படியே இருக்கும், கூடுதலாக ஒரு புள்ளியும் சர்வீஸும் அவர்களுக்குப் போகும். ஆக 17–15 என்று இருந்தது 14–16 ஆயிற்று. சுழலாதது அவர்கள் தவறுதான். ஆனால் முதல் சர்வீஸிலேயே நான் சொல்லியிருந்தால் உழைத்து எடுத்த புள்ளிகளைப் பறிகொடுத்த எரிச்சல் அவர்களுக்கு வந்திருக்காது. அந்தச் செட்டையும் ஆட்டத்தையும் அவர்கள் தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் இரு கேப்டன்களும் ஷீட்டில் கையெழுத்திட வேண்டும். தோற்ற அணியின் கேப்டன், இருபத்திரண்டு வயது இருக்கும், என்னை நிமிர்ந்து பார்க்காமல் பேனாவை அழுத்திய அழுத்தத்தில் அடியிலிருந்த நகல் தாளும் கிழிந்தது. "மன்னிச்சிருங்க தம்பி" என்றேன். "பரவாயில்ல சார்" என்று சொன்னார். குரலில் பரவாயில்லை என்பது இல்லை.

24 ஜூன் 2024, திங்கள்

நேற்றோடு மூன்று வாரச் சுற்றும் முடிந்தது. பன்னிரண்டில் பதினோர் ஆட்டங்களை வென்று பட்டியலின் உச்சியில் நிற்பது ஸ்லோவேனியா. இருபது லட்சத்துக்குச் சற்றே அதிகமான மக்கள் வாழும் நாடு. பெங்களூரு மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 84 லட்சம். ஸ்லோவேனியா ஒலிம்பிக் வாலிபாலில் ஆடப்போவது இதுவே முதல் முறை. போட்டியை நடத்தும் பிரான்ஸுக்கு ஓர் இடம், தகுதிச் சுற்றுகளில் வென்ற ஆறு அணிகளுக்கு ஆறு இடங்கள் போக, மீதி ஐந்து இடங்கள் இந்தச் சுற்று முடிந்த நிலையிலான உலகத் தரவரிசைப்படி பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆகவே மணிலாவிலும் லூப்லியானாவிலும் கடைசி வாரம் ஆடியவர்களில் சிலர் ஒரு கண்ணைக் களத்திலும் ஒரு கண்ணைத் தரவரிசைப் பட்டியலிலும் வைத்து ஆடினார்கள். கியூபா அந்தக் கணக்கில் வெளியே நின்றது.

அந்தத் தரவரிசை எப்படி வேலை செய்கிறது என்று தங்கை மகள் கேட்டாள். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் புள்ளிகள் உடனே மாறும். வலுவான அணியை வீழ்த்தினால் நிறையக் கிடைக்கும். வலுவற்ற அணியிடம் தோற்றால் நிறையப் போகும். 3–0 வெற்றிக்கும் 3–2 வெற்றிக்கும் வேறுபாடு உண்டு. ஆட்டம் எந்தப் போட்டியில் நடந்தது என்பதற்கும் ஓர் எடை இருக்கிறது: ஒலிம்பிக்குக்கு 50, உலக சாம்பியன்ஷிப்புக்கு 45, இந்த லீக்குக்கு 40. அதற்குக் கீழுள்ள போட்டிகளுக்கு எடை குறைந்துகொண்டே போகும்.

"அப்போ நம்ம டீம் எங்க மாமா?" என்றாள்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற நாடு நாம். அதற்கு முந்தைய ஆண்டே அர்ஜுனா விருது தொடங்கியபோது வாலிபாலுக்கு அதைப் பெற்றவர் தமிழ்நாட்டின் ஏ. பழனிசாமி. 1986இல் சியோலில் வெண்கலம். சென்ற செப்டம்பரில் ஹாங்சோவில் தென்கொரியாவை ஐந்து செட்களில், கடைசி செட்டில் 17–15 என்று, வென்றோம். அந்தத் தென்கொரியா 2018இல் இந்த லீக்கில் ஆடி வெளியேறிய அணி. நாம் 1990லிருந்து இன்றுவரை ஒரு முறைகூட உள்ளே வந்ததில்லை. இவ்வாண்டின் 16 அணிகளில் ஆசியாவிலிருந்து ஜப்பானும் ஈரானும் மட்டுமே. எடை மிகுந்த ஆட்டங்கள் பெரும்பாலும் இந்தப் பதினாறு பேருக்குள்ளேயே நடப்பதால், ஹாங்சோ போன்ற ஓர் இரவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது நம்மைக் கதவுக்கு அருகில் கொண்டுபோய் விடுவதில்லை. கண்டப் போட்டியை வென்று, பிறகு சேலஞ்சர் கோப்பையை வென்று ஏறிவரும் ஒற்றை ஏணி ஒன்றுதான் இருக்கிறது. அமைப்பை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. துருக்கி அந்த ஏணியில்தான் இந்த ஆண்டு வந்தது. கியூபாவும் அப்படித்தான் சென்ற ஆண்டு வந்தது. ஆண்டு முழுவதும் ஒன்றாகப் பயிற்சி எடுத்து, அயல்நாட்டு அணிகளோடு மாதக்கணக்கில் ஆடும் தேசிய அணி ஒன்று நம்மிடம் இருந்திருந்தால் இதைப் பேசும் உரிமை எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

30 ஜூன் 2024, ஞாயிறு, அதிகாலை

நேற்றிரவை மறக்க மாட்டேன். பார்படோஸில் டி20 உலகக் கோப்பை இறுதி. வூட்ச் நகரத்தில் இரண்டு அரையிறுதிகள். எல்லாம் ஒரே இரவு. அல்சூர் முழுவதும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருக்க, நானும் தங்கை மகளும் எதிர்த் திசையில் உட்கார்ந்திருந்தோம். நள்ளிரவை ஒட்டி இந்தியா 7 ஓட்டங்களில் தென்னாப்பிரிக்காவை வென்றதும் ஏரிக்கரையிலிருந்து தொடங்கிய பட்டாசு எங்கள் தெருவரை வந்தது. அந்தச் சத்தத்தில் வர்ணனையாளர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எனக்குத் தேவையும் இல்லை. நடுவரின் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று தெரிந்தால் போதும். கிரிக்கெட்டில் வென்றதற்கு எனக்கும் மகிழ்ச்சிதான் என்று இங்கே எழுதி வைக்கிறேன், வீட்டில் யாராவது இதைப் படித்தால் உதவும்.

காலிறுதிகளில் அர்ஜென்டினா, கனடா, பிரேசில், இத்தாலி ஆகியவை வெளியேறியிருந்தன. அரையிறுதியில் ஜப்பான் ஸ்லோவேனியாவை 3–0 என்று வென்றது. பிரான்ஸ் போலந்தை, அதன் சொந்த அரங்கில், சென்ற ஆண்டின் சாம்பியனை, ஐந்து செட்களில் வீழ்த்தியது.

நான்கு அணிகளின் பயிற்சியாளர் பெயர்களையும் ஷீட்டில் எழுதும்போதுதான் கவனித்தேன்; நால்வரும் அயல்நாட்டவர். போலந்துக்குச் செர்பியர் நிகோலா கிர்பிச். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவுக்குத் தங்கம் வென்று தந்த லிஃப்டர். ஸ்லோவேனியாவுக்கு ருமேனியர் கியோர்கே கிரெட்சு. ஜப்பானுக்குப் பிரெஞ்சுக்காரர் பிலிப் பிளேன். பிரான்ஸுக்கோ இத்தாலியர் ஆந்திரேயா ஜானி. தொண்ணூறுகளில் மூன்று உலக சாம்பியன்ஷிப்புகளைத் தொடர்ந்து வென்ற இத்தாலிய அணியின் தூண். ஆகவே இன்றிரவு இறுதியில் ஒரு பிரெஞ்சுக்காரர் பிரான்ஸைத் தோற்கடிக்கப் பாடுபடப் போகிறார்; தோற்கடிக்கவிடாமல் தடுக்கப் போகிறவர் ஓர் இத்தாலியர்.

தங்கை மகள் ஜப்பான் பக்கம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானின் லிபரோ யமமோதோ 171 சென்டிமீட்டர் உயரம்தான். லிஃப்டர் செகிதா 175. அவளுடைய கல்லூரிப் பயிற்சியாளர் உயரம் போதாது என்று அவளை லிபரோ ஆக்கியவர். 2.43 மீட்டர் வலைக்கு மேல் இரண்டு மீட்டர் ஆள்கள் அறையும் பந்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எடுத்துச் செகிதாவின் தலைக்கு மேல் கொண்டுபோய் வைக்கும் அந்த மனிதரை அவள் பார்க்கும் பார்வை, நான் எழுதும் எந்தக் கட்டத்திலும் அடங்காது. இப்படிப் பந்தைத் தரையில் விழாமல் எடுக்கும் நல்ல டிக் ஒன்றுக்கு ஸ்கோர் ஷீட்டில் இடமே இல்லை என்று குறைப்பட்டாள். லிபரோ உள்ளே போவதும் வெளியே வருவதும்கூட முதன்மை ஷீட்டில் வராது, உதவி ஸ்கோரரின் தனித்தாளில்தான் வரும் என்று சொன்னதும் இன்னும் கோபம்.

1 ஜூலை 2024, திங்கள்

பிரான்ஸ் 3–1 ஜப்பான். போலந்து ஸ்லோவேனியாவை 3–0 என்று வென்று மூன்றாம் இடம் பெற்றது. அதை நான் எழுதவில்லை, இறுதிக்காகக் கண்ணைச் சேமித்தேன்.

25–23, 18–25, 25–23, 25–23. முதல் செட்டைப் பிரான்ஸ் இரண்டே புள்ளியில் எடுத்தது. இரண்டாம் செட் ஜப்பானுடையது. கேப்டன் இஷிகாவாவின் அணி அந்த ஒரு செட்டில் ஆடிய ஆட்டம், 1972 மியூனிக்கில் அவர்கள் ஒலிம்பிக் தங்கம் வென்ற காலத்தைக் கதையாகக் கேட்டு வளர்ந்த என் போன்றவர்களுக்குப் போதுமான விருந்து. மூன்றாம் செட்டும் நான்காம் செட்டும் முதலாவதைப் போலவே 23இல் வந்து முறிந்தன. பிரான்ஸ் பதறவில்லை என்பதற்கு மேல் இதற்கு எனக்கு விளக்கம் தோன்றவில்லை. இருபது புள்ளியைத் தாண்டியதும் அவர்களுடைய லிஃப்டர் பிரிசார் பந்தை முன்பைவிட நிதானமாகக் கொடுத்ததுபோல் எனக்குப் பட்டது. வேகம் கூடும் நேரத்தில் ஒருவன் நிதானமாவதை மேசையிலிருந்து பார்ப்பவன் அறிவான்.

ஆட்டம் முடிந்தபோது நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டியிருந்தது. ஷீட்டின் அடியில் முடிவுக் கட்டம் இருக்கிறது: ஒவ்வொரு செட்டிலும் இரு அணிகளும் எடுத்த டைம் அவுட், மாற்று ஆட்டக்காரர், வெற்றி, புள்ளி என்று நிரப்பி, கடைசி வரியில் கூட்டுத்தொகை போட வேண்டும். கூட்டலைத் தங்கை மகளிடம் விட்டேன். பிரான்ஸ் பக்கம் 25, 18, 25, 25. ஜப்பான் பக்கம் 23, 25, 23, 23. அவள் ஒருமுறை கூட்டினாள், மறுபடி கூட்டினாள், பிறகு தாளை என் பக்கம் திருப்பினாள்.

"மாமா, நான் தப்பாக் கூட்டிட்டேனா?"

நான் விரல்விட்டுக் கூட்டினேன். பிரான்ஸ் 93. ஜப்பான் 94.

கூட்டலில் தவறில்லை. ஆட்டம் முழுவதிலும் ஒரு புள்ளி அதிகம் எடுத்தவர்கள் வெள்ளிப் பதக்கத்தோடு மேடையில் நின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை ஆண்டு மேசையில் உட்கார்ந்தவனுக்கு இது புதிதல்ல. உள்ளூர்ப் போட்டிகளில் நான்கைந்து முறை எழுதியிருக்கிறேன். ஆனாலும் அவள் விடவில்லை. அப்படியானால் இந்தக் கூட்டுத்தொகைக் கட்டம் எதற்கு என்று கேட்டாள். சுற்று ஆட்டங்களில் எந்த அணி மேலே என்று முடிவு செய்ய, முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை, பிறகு ஆட்டப் புள்ளிகள், பிறகு செட் விகிதம், கடைசியில்தான் புள்ளி விகிதம் என்று பார்ப்பார்கள், அதற்குத்தான் என்றேன். இறுதி ஆட்டத்தில் அதற்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டாலும் எழுதத்தான் வேண்டுமா என்றாள். எழுதத்தான் வேண்டும், கட்டம் காலியாக இருந்தால் நடுவர் கையெழுத்திட மாட்டார்.

1977 உலகக் கோப்பை வெள்ளிக்குப் பிறகு ஜப்பான் ஆண்கள் உலக அளவிலான முதன்மைப் போட்டி ஒன்றில் பெற்ற முதல் பதக்கம் சென்ற ஆண்டு இதே லீக்கில் வென்ற வெண்கலம். இந்த ஆண்டு வெள்ளி. இந்த மாதக் கடைசியில் பாரிஸ் ஒலிம்பிக். அதற்கும் ஷீட் எழுதுவோமா என்று கேட்டாள். இழுப்பறையில் மூன்று தாள்தான் மீதி என்று சொன்னேன். நகல் எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

வெற்றியாளர் வரியில் "பிரான்ஸ் 3 : 1" என்று எழுதி மை உலரக் காத்திருந்தேன். கேப்டன்களின் கையெழுத்துக்கான இரண்டு கட்டங்களும் எங்கள் ஷீட்டுகளில் எப்போதும் காலியாகவே இருக்கும். பேனாவை மூடப் போனபோது அவள் அதை வாங்கி, ஜப்பான் கேப்டனின் கட்டத்தில், அழுத்தாமல், தன் பெயரைத் தமிழில் எழுதிவிட்டுத் தூங்கப் போனாள்.